கடலை இழந்த நாடு, கடலை தந்த நாடு



தலைப்பில் ஒரே வார்த்தை ரெண்டு தடவை வந்திருக்கேன்னு நினைப்பீங்க. முதலில் வரும் "கடலை" என்பது கடல் + ஐ. இரண்டாவதாக வரும் "கடலை" நாம் வறுத்தும் அவிச்சும் சாப்பிடுகிற நிலக்கடலை. இந்த ரெண்டும் ஒரே நாட்டைப் பற்றியதுதான். அந்த நாட்டின் பெயர் பொலிவியா. தென் அமெரிக்காக் கண்டத்தில் இருக்கு. அந்த நாட்டுக்குக் கடல் கிடையாது. ஆனால் கடற்படை இருக்கு! கடலே இல்லாத நாட்டுக்கு எதுக்குக் கடற்படை? இந்த இதழில் அதைப் பற்றியும், அந்த நாட்டின் நிலம், வரலாறு, மக்கள் பற்றியும் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். மத்தியானம் சாப்பிட்ட பிறகு நிதானமா நின்னு படிங்க.

எங்கே இருக்கு?

தென் அமெரிக்கா வரைபடத்தை எடுத்துக்கோங்க. நடுவில் கொஞ்சம் இடப்பக்கமாகப் பாருங்க. வடக்கிலும் கிழக்கிலும் பிரேசில், தென்கிழக்கில் பராகுவே, தெற்கில் அர்ஜென்டினா, மேற்கில் சிலியும் பெருவும். இந்த ஐந்து நாடுகளுக்கு நடுவில் உள்ளதுதான் பொலிவியா. தென் அமெரிக்காவில் கடற்கரை இல்லாத நாடுகள் இரண்டு. ஒன்று பராகுவே, மற்றொன்று பொலிவியா.

பரப்பளவு ஏறக்குறைய 11 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் 2024-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் சுமார் 1 கோடியே 13 லட்சம் பேர்தான். இடம் பெரிசு, ஆட்கள் கம்மி.

தலைநகரம் எதுன்னு வினாடி வினாவில் கேட்டால் உஷாரா பதில் சொல்லணும். அரசியல் சட்டப்படி தலைநகரம் சுக்ரே. உச்ச நீதிமன்றம் அங்கேதான் இருக்கு. ஆனால் குடியரசுத் தலைவரும் நாடாளுமன்றமும் இருப்பது லா பாஸ் நகரில்.

மூன்று அடுக்கு நிலம்

பொலிவியாவின் நிலத்தை மாடிப்படி மாதிரி மூன்று அடுக்காகப் பிரிக்கலாம்.

முதல் அடுக்கு, மேற்கே உள்ள உயர்ந்த பீடபூமி. இதை "ஆல்டிப்பிளானோ" என்பார்கள். ஆண்டீஸ் மலைத்தொடர் இங்கே இரண்டாகப் பிரிந்து போகிறது. நடுவில் மேசை மாதிரி ஒரு சமவெளி. அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீட்டர். டிட்டிகாக்கா ஏரி இங்கேதான் இருக்கு. பொலிவியாவும் பெருவும் பங்கு போட்டுக்கொண்ட இந்த ஏரி 3,812 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான சஹாமா (6,542 மீட்டர்) இந்தப் பக்கம்தான்.

லா பாஸ் நகரம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கு. அதுக்கும் மேலே விளிம்பில் எல் ஆல்டோ என்ற நகரம், 4,000 மீட்டருக்கும் மேல். அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்னு நாம் அறிவியலில் படிச்சிருக்கோம் இல்லையா? லா பாஸில் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதிச்சிடும். அதனால் பருப்பு வேக ரொம்ப நேரமாகும். வெளியூர்க்காரங்க போய் இறங்கினால் தலைவலியும் மூச்சு வாங்கலும் வரும். அங்கேயே பரம்பரையாக வாழும் மக்களுக்கு உடம்பு பழகியிருக்கு.

இரண்டாவது அடுக்கு, மலைச்சரிவுகளும் பள்ளத்தாக்குகளும். இங்கே ரொம்பக் குளிரும் இல்லை, ரொம்ப வெயிலும் இல்லை. சோளம், காய்கறி, பழம் எல்லாம் விளையும். கொச்சபம்பா நகரம் இந்த அடுக்கில் உள்ளது. அந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னால் வரும்.

மூன்றாவது அடுக்கு, கிழக்கே உள்ள தாழ்ந்த சமவெளி. நாட்டின் பாதிக்கு மேற்பட்ட நிலம் இதுதான். வடக்கில் அமேசான் காடு, தெற்கில் சாக்கோ என்ற வறண்ட காடு. சாந்தா குரூஸ் என்ற பெரிய நகரமும் சோயாபீன்ஸ் வயல்களும் இங்கே உள்ளன.

மனிதரைத் தின்ற மலை

பழைய காலத்தில் டிட்டிகாக்கா ஏரிக்குப் பக்கத்தில் திவானாக்கு என்ற பெரிய நாகரிகம் இருந்தது. அவர்கள் செதுக்கிய ஒரே கல்லால் ஆன "சூரிய வாயில்" இன்னும் நிற்கிறது. அதுக்குப் பிறகு அய்மாரா மக்களின் அரசுகள், அதன்பின் இன்கா பேரரசு. 1530-களில் ஸ்பெயின் நாட்டுக்காரர்கள் வந்து இன்காக்களைத் தோற்கடித்தார்கள்.

1545-இல் பொடோசி என்ற இடத்தில் ஒரு மலை முழுக்க வெள்ளி இருப்பது தெரிந்தது. ஸ்பெயின்காரர்கள் அதுக்கு வைத்த பெயர் "செரோ ரிக்கோ", அதாவது பணக்கார மலை. மலையடிவாரத்தில் ஒரு நகரம் முளைத்தது. 1600-களின் தொடக்கத்தில் அங்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்தின் பெரிய நகரங்களில் அதுவும் ஒன்று.

சரி, வெள்ளியை யார் வெட்டி எடுத்தது? 1570-களில் தொலேதோ என்ற ஸ்பெயின் ஆளுநர் "மித்தா" என்ற கட்டாய வேலை முறையைக் கொண்டுவந்தார். சுற்றியுள்ள மாவட்டங்களில் ஏழு ஆண்களில் ஒருவர் வருஷா வருஷம் சுரங்க வேலைக்கு வந்தாகணும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குடும்பத்தோடு நடந்தே வருவார்கள். சுரங்கத்துக்குள்ளே இருட்டு, தூசி. வெளியே வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம். பாதரசம் விஷம்னு நமக்குத் தெரியும். அவர்கள் அதைக் காலால் மிதித்துக் கலந்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று சரியான கணக்கு கிடையாது. இந்த முறை 1812 வரைக்கும், இருநூறு வருஷத்துக்கு மேல் நடந்தது.

அந்த வெள்ளி நாணயமாகி ஸ்பெயினுக்குப் போனது. அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் போனது. ஐரோப்பிய வியாபாரிகள் அந்த வெள்ளியைக் கொடுத்துத்தான் நம் சோழமண்டலக் கரையில் துணி வாங்கினார்கள், மலபார்க் கரையில் மிளகு வாங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளி முகலாயர் ஆட்சியில் உருக்கப்பட்டு ரூபாயாகவும் ஆனது. பொடோசியில் ஒருவர் சுமந்த வெள்ளி நம்ம பக்கத்து நெசவாளர் கை வரைக்கும் வந்திருக்கலாம்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1781-இல் துபாக் கட்டாரி என்ற அய்மாரா தலைவரும் அவர் மனைவி பார்தொலினா சீசாவும் பெரிய படை திரட்டி லா பாஸ் நகரத்தை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். பார்தொலினா, கணவருக்குப் பின்னால் நின்றவர் இல்லை, படைக்குத் தலைமை தாங்கியவர். கடைசியில் இருவரையும் பிடித்துக் கொடூரமாகக் கொன்றார்கள். பார்தொலினா கொல்லப்பட்ட செப்டம்பர் 5-ஆம் தேதி இப்போது பழங்குடிப் பெண்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2013-இல் பொலிவியாவின் முதல் செயற்கைக்கோள் வானில் ஏறியபோது அதுக்கு "துபாக் கட்டாரி" என்றே பெயர் வைத்தார்கள்.

கடல் போன கதை

1825 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நாடு விடுதலை அடைந்தது. விடுதலை வீரர் சைமன் பொலிவாரின் பெயரால் பொலிவியா என்று அழைக்கப்பட்டது. அப்போது அதுக்குக் கடற்கரை இருந்தது! பசிபிக் பெருங்கடல் ஓரமாக அட்டகாமா பாலைவனம், அதில் பின்னாளில் அன்டோஃபகஸ்டா என்ற துறைமுகமும் உருவானது.

அந்தப் பாலைவனத்தில் மழையே பெய்யாது. ஆனால் மண்ணில் வெடியுப்பு இருந்தது. உரம் செய்யவும் வெடிமருந்து செய்யவும் அது வேணும். சிலி நாட்டுக்காரர்களும் பிரிட்டிஷ்காரர்களும் பணம் போட்ட ஒரு கம்பெனி அதைத் தோண்டியது. புது வரி போட மாட்டோம்னு 1874-இல் பொலிவியா சிலியோடு ஒப்பந்தம் செய்திருந்தது. 1878-இல் ஒரு குவிண்டாலுக்கு 10 சென்டாவோ (அவர்கள் ஊர்ச் சில்லறைக் காசு) வரி கேட்டது. கம்பெனி கட்ட மறுத்தது. அதன் சொத்தை ஏலம் விடப் போனபோது, 1879 பிப்ரவரி 14-இல் சிலி படை அன்டோஃபகஸ்டாவில் இறங்கிவிட்டது. பெரு நாடு பொலிவியாவுக்குத் துணையாக வந்தது. இதுதான் பசிபிக் போர்.

அந்த வருஷம் மார்ச் 23-இல் கலாமா என்ற ஊரில் எடுவார்டோ அபரோவா என்பவர் சிறு கூட்டத்தோடு ஒரு பாலத்தைக் காத்து நின்று உயிர்விட்டார். அவர் ராணுவத்தான் இல்லை. ஆனாலும் சரணடைய மறுத்தார். 1880-இல் நடந்த இன்னொரு சண்டையில் ஹுவான்சிட்டோ பிண்டோ என்ற 12 வயது முரசடிக்கும் சிறுவன், முரசைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்துப் போனான், திரும்பி வரவில்லை என்று சொல்வார்கள்.

போரில் பொலிவியா தோற்றது. சுமார் 400 கிலோமீட்டர் கடற்கரையும் 1 லட்சத்து 20 ஆயிரம் சதுர கிலோமீட்டர் நிலமும் போயின. 1904-இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நிலம் சிலிக்கு. பதிலுக்கு சிலி, அரிக்கா துறைமுகத்திலிருந்து லா பாஸ் வரை ரயில் பாதை போட்டுக் கொடுத்தது. போன நிலத்தில் உலகத்திலேயே பெரிய தாமிரச் சுரங்கங்களில் ஒன்றான சுக்கிகமாட்டாவும் சேர்ந்தே போச்சு.

ஒவ்வொரு வருஷமும் மார்ச் 23 அங்கே "கடல் தினம்". பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள். கடற்படை வீரர்கள் வெள்ளைச் சீருடையில் அணிவகுப்பார்கள். அவர்களுடைய படகுகள் டிட்டிகாக்கா ஏரியிலும் ஆறுகளிலும் ஓடுகின்றன. என்றைக்காவது கடல் திரும்பக் கிடைக்கும், அதுவரை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதுதான் காரணம். 2013-இல் பொலிவியா பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2018 அக்டோபர் 1-இல் தீர்ப்பு வந்தது. பொலிவியாவோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய சட்டக் கடமை சிலிக்கு இல்லை என்று 12 நீதிபதிகள் சொன்னார்கள். 3 பேர் மாற்றுக் கருத்துச் சொன்னார்கள். கடல் கிடைக்கவில்லை. கடல் தினம் நிற்கவும் இல்லை.

தகரச் சுரங்கமும் தாய்மார்களும்

வெள்ளி குறைந்த பிறகு தகரம் வந்தது. தகர டப்பாவில் பூசுவார்களே, அந்த உலோகம். 1900-க்குப் பிறகு உலகத்துக்கே பொலிவியா தகரம் அனுப்பியது. சைமன் பாட்டினோ என்ற "தகர அரசர்" உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். சுரங்கத் தொழிலாளிகளோ நுரையீரலில் தூசி படிந்து சின்ன வயசிலேயே இறந்தார்கள்.

1952-இல் புரட்சி வந்தது. பெரிய சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. அதுவரை எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. புரட்சிக்குப் பிறகு பெண்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் எல்லாருக்கும் ஓட்டு கிடைத்தது. 1953-இல் நிலச் சீர்திருத்தம் நடந்தது. பண்ணையாருக்குக் கூலியில்லாமல் உழைக்கும் வழக்கம் ஒழிந்தது.

பிறகு மறுபடி ராணுவ ஆட்சி. இந்த இடத்தில் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆகணும். அவர் பெயர் தொமித்திலா பாரியோஸ். "இருபதாம் நூற்றாண்டு" என்று பெயர் வைத்த ஒரு தகரச் சுரங்கத்தில் வேலை பார்த்த தொழிலாளியின் மனைவி. அங்கே இல்லத்தரசிகள் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதில் அவர் முன்னால் நின்றார். ஜெயிலுக்கும் போனார். 1975-இல் மெக்சிகோவில் நடந்த உலகப் பெண்கள் ஆண்டுக் கூட்டத்தில் போய்ப் பேசினார்.

1977 டிசம்பர் 28-ஆம் தேதி சுரங்கத் தொழிலாளிகளின் மனைவிமார் நாலு பேர் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு லா பாஸில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். நாடு கடத்தப்பட்டவர்கள் திரும்பி வரணும், வேலை போனவர்களுக்கு வேலை தரணும் என்பது கோரிக்கை. தொமித்திலாவும் சேர்ந்தார். நாலு பேர் ஆயிரம் பேருக்கு மேல் ஆனார்கள். 1978 ஜனவரியில் ராணுவ ஆட்சி இறங்கி வந்தது. பீரங்கி வைத்திருந்தவர்கள், சாப்பிடாமல் உட்கார்ந்த நாலு அம்மாக்களிடம் தோற்றார்கள்.

தண்ணீர்ப் போர்

இப்போது கொச்சபம்பாவுக்கு வருவோம். 1999-இல் அந்த நகரத்தின் குடிநீர் விநியோகத்தை அரசாங்கம் ஒரு வெளிநாட்டுக் கூட்டு நிறுவனத்துக்கு 40 வருஷ ஒப்பந்தத்தில் கொடுத்தது. நிறுவனத்தின் பெயர் அக்வாஸ் தெல் துனாரி. அதில் பெரிய பங்கு அமெரிக்காவின் பெக்டல் கம்பெனியுடையது. 2000 ஜனவரியில் தண்ணீர்க் கட்டணம் ஏறியது. சில வீடுகளில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது என்று மக்கள் சொன்னார்கள். குழாய் வராத பகுதிகளில் ஜனங்களே காசு போட்டுத் தோண்டிய கிணறுகளும் கையை விட்டுப் போய்விடுமோன்னு பயம் வந்தது.

ஆஸ்கார் ஒலிவேரா என்ற செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி முன்னால் நின்றார். விவசாயிகள், ஆசிரியர்கள், மாணவர்கள், சந்தைக்கார அம்மாக்கள் எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். சாலைகளை மறித்தார்கள். 2000 ஏப்ரல் 8-இல் அரசு அவசர நிலை அறிவித்தது. அன்றைக்கு 17 வயது மாணவர் ஒருவர் குண்டடிபட்டு இறந்தார். நம்ம பள்ளி அண்ணன்கள் வயசு. இரண்டு நாளில் ஒப்பந்தம் ரத்தானது.

நிறுவனம் கோடிக்கணக்கில் நஷ்ட ஈடு கேட்டு உலக வங்கியின் நடுவர் மன்றத்துக்குப் போனது. உலகம் முழுதும் எதிர்ப்பு வந்தது. 2006 ஜனவரியில் வழக்கை முடித்துக்கொண்டார்கள். கொடுத்த விலை 2 பொலிவியானோ. அந்த ஊர்க் காசில் வெறும் ரெண்டு!

இதோடு எல்லாம் சரியாகிவிட்டதுன்னு எழுதினால் அது பொய்யாகும். தண்ணீர் மறுபடி நகராட்சிக் கழகத்துக்கு வந்தது. ஆனால் ஊரின் தெற்குப் பக்கத்து ஏழைக் குடியிருப்புகளுக்குப் பல வருஷம் ஆகியும் குழாய் போகவில்லை. இன்னும் லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் உண்டு. போராடித் திரும்ப வாங்குவது ஒரு வேலை, வாங்கியதை எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோவது இன்னொரு வேலை.

ஆனாலும் ஒன்று நடந்தது. 2010 ஜூலை 28-இல் ஐ.நா. பொதுச் சபையில் பொலிவியா ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. சுத்தமான குடிநீரும் கழிப்பிட வசதியும் ஒவ்வொருவருக்கும் மனித உரிமை என்பதுதான் தீர்மானம். 122 நாடுகள் ஆதரித்தன. 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட விழவில்லை.

வற்றிப்போன ஏரி

டிட்டிகாக்காவுக்கு அடுத்த பெரிய ஏரியின் பெயர் பூப்போ. ஆழம் மூணு மீட்டர் போலத்தான், ஆனால் ரொம்ப அகலம். 2015 டிசம்பரில் அது வற்றியே போய்விட்டது. எல் நினோ வறட்சி, பூமி சூடாவது, வரும் ஆற்று நீரை விவசாயத்துக்கும் சுரங்கத்துக்கும் திருப்பியது என்று பல காரணம் சொல்கிறார்கள். அந்த ஏரியில் மீன் பிடித்தும் பறவை பிடித்தும் வாழ்ந்தவர்கள் உரு இன மக்கள். அவர்கள் தங்களை ஏரி மக்கள் என்றே சொல்லிக்கொள்வார்கள். ஏரியே போனபின் பலர் உப்பளத்துக்கும் சுரங்கத்துக்கும் கூலிக்குப் போனார்கள். படகுகள் காய்ந்த மண்ணில் கிடந்தன. லா பாஸ் பக்கத்தில் சக்கல்தாயா என்ற பனிமலையின் பனிப்பாறையும் 2009-இல் முழுதும் உருகி மறைந்தது.

மக்களும் வாழ்க்கையும்

பொலிவியாவில் பத்தில் ஏறக்குறைய நாலு பேர் தங்களைப் பழங்குடி மக்கள் என்று சொல்கிறார்கள். அதில் பெரிய இனங்கள் கெச்சுவாவும் அய்மாராவும். 2005 டிசம்பர் தேர்தலில் ஏவோ மொராலெஸ் என்ற அய்மாரா இனத்தவர் வென்று, பழங்குடி மக்களிலிருந்து வந்த முதல் குடியரசுத் தலைவர் ஆனார். 2009-இல் புது அரசியல் சட்டம் வந்தது. அதன்படி ஸ்பானிஷோடு சேர்த்து 37 மொழிகள் ஆட்சிமொழிகள்! ஒரு சில கிராமங்களில் மட்டும் பேசும் மொழிக்கும் அதில் இடம் உண்டு. அவர் 2019 நவம்பரில் பெரிய குழப்பத்துக்கு நடுவில் பதவி விலகினார். 2025 அக்டோபரில் நடந்த இறுதிச் சுற்றுத் தேர்தலில் ரொட்ரிகோ பாஸ் வென்றார்.

2006-இல் இயற்கை எரிவாயுவை அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. அந்தப் பணத்திலிருந்து, ஒழுங்காகப் பள்ளிக்கு வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 200 பொலிவியானோ உதவித்தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? "ஹுவான்சிட்டோ பிண்டோ" உதவித்தொகை. முரசடித்த அந்தச் சிறுவன் பெயர்தான்.

அய்மாரா, கெச்சுவாப் பெண்கள் அடுக்கடுக்கான பாவாடை கட்டி, வட்டத் தொப்பி வைத்து, ரெட்டைப் பின்னல் போட்டிருப்பார்கள். அவர்களைச் "சோலித்தா" என்பார்கள். ஒரு காலத்தில் இந்த உடையோடு போனால் நல்ல ஹோட்டலில் உள்ளே விட மாட்டார்கள். 2019 ஜனவரியில் சோலித்தாக்கள் சிலர் அமெரிக்கக் கண்டங்களிலேயே உயரமான அகோன்காகுவா சிகரத்தில் (6,961 மீட்டர்) ஏறினார்கள். பாவாடை கட்டிக்கொண்டே ஏறினார்கள்! மலையேறுபவர்களுக்குச் சமையல் செய்தும் மூட்டை சுமந்தும் வந்தவர்கள் அவர்கள்.

லா பாஸ் கிண்ணம் மாதிரி பள்ளத்தில் இருப்பதால் பஸ் ஏறி இறங்கத் திண்டாட்டம். 2014 முதல் அங்கே கம்பி வடத்தில் தொங்கும் பெட்டிகளில் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறார்கள். நாம டவுன் பஸ்ஸில் போகிற மாதிரி அவர்கள் வானத்தில் போகிறார்கள்.

சாப்பாட்டில் உருளைக்கிழங்கு முக்கியம். உருளைக்கிழங்கு பிறந்த இடமே டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய மலைப்பகுதிதான். ராத்திரி உறைபனியில் கிழங்கை வெளியே பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து "சூன்யோ" செய்வார்கள். நம்ம வத்தல் மாதிரி. வருஷக்கணக்கில் கெடாது.

கடலை தந்த நாடு

இப்போது தலைப்பின் இரண்டாவது கடலை. நிலக்கடலை நம்ம ஊர்ச் செடி இல்லை. இரண்டு காட்டுச் செடிகள் தானாகக் கலந்து பிறந்த பயிர் அது. பிறந்த இடம் தெற்கு பொலிவியாவும் வட அர்ஜென்டினாவும் சேரும் பகுதி என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். 2016-இல் அந்த இரண்டு காட்டுச் செடிகளின் ஜீன்களையும் முழுசாகப் படித்து வெளியிட்டார்கள். அதில் ஒரு செடி பொலிவியாவில் மட்டுமே கிடைத்தது.

ஸ்பெயின், போர்ச்சுகல் கப்பல்களில் ஏறி அது உலகம் சுற்றியது. நம்ம பக்கம் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்கிறோமே, அந்த மணிலா பிலிப்பைன்ஸின் தலைநகரம். இலங்கையில் கச்சான் என்பார்கள். பொலிவியாவில் இன்றைக்கும் கடலையை அரைத்து சூப் வைக்கிறார்கள். சாந்தா குரூஸ் பக்கத்து ஒரு விவசாயியும் நம்ம மானாவாரி விவசாயியும் ஒரே செடியைப் பிடுங்கி உதறுகிறார்கள்.

வெள்ளி போன இடத்தில் குழிதான் மிச்சம். கடலை அப்படி இல்லை. கொடுத்தவர்களிடமும் இருக்கு, வாங்கிய நம்மிடமும் இருக்கு.

உப்புக்கு அடியில் என்ன?

பொலிவியாவின் தென்மேற்கில் சலார் தே உயூனி என்ற உப்புப் பாலைவனம் உள்ளது. 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெள்ளை வெளேர் என்று உப்பு. உலகத்திலேயே பெரியது. மழைக்காலத்தில் மேலே கொஞ்சம் தண்ணீர் நின்றால் வானம் அப்படியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி தெரியும்.

அந்த உப்புக்கு அடியில் உள்ள நீரில் லித்தியம் இருக்கு. செல்போன் பேட்டரிக்கும் மின்சார வண்டிக்கும் அதுதான் வேணும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி பொலிவியாவில் உள்ள லித்தியம் சுமார் 2.3 கோடி டன். உலகத்திலேயே அதிக லித்தியம் உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. 2023 டிசம்பரில் அரசு அங்கே ஒரு ஆலை திறந்தது. சீன, ரஷ்ய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டபோது பொடோசி மாவட்ட மக்கள் கேள்வி கேட்டார்கள். எங்களுக்கு என்ன பங்கு? லித்தியம் எடுக்க நிறைய நீர் வேணுமே, எங்கள் கீன்வா பயிருக்கும் லாமா மந்தைக்கும் தண்ணீர் மிஞ்சுமா? ஏரி வற்றியதைக் கண்ணால் பார்த்தவர்கள் கேட்கிற கேள்வி இது.

உப்புப் பாலைவனம் இருப்பது எந்த மாவட்டத்தில்னு கவனிச்சீங்களா? அதே பொடோசி! வெள்ளி மலை இருக்கும் அதே மாவட்டம். பணக்கார மலை இருந்தும் அந்த மாவட்டம் இன்னும் நாட்டின் ஏழை மாவட்டங்களில் ஒன்றுதான். அந்த மலையில் இன்றைக்கும் தொழிலாளிகள் தகரமும் துத்தநாகமும் வெட்டுகிறார்கள். உச்சி சரிந்துகொண்டு வருவதால் 2014-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை ஆபத்தில் உள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

புவியியல் பாடத்தில் ஒரு நாட்டின் கனிம வளம் என்னன்னு கேட்பார்கள். வெள்ளி, தகரம், எரிவாயு, லித்தியம்னு எழுதினால் மார்க் போட்டுவிடுவார்கள். ஆனால் அந்த வளம் யார் கைக்குப் போச்சு, தோண்டியவர் வீட்டில் என்ன மிஞ்சியது என்றும் சேர்த்துக் கேட்டால்தான் நாட்டைப் படித்த மாதிரி ஆகும். பொலிவியா மக்கள் அந்தக் கேள்வியை ஐந்நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

விடை தேடுங்கள் (எல்லா விடையும் மேலே இருக்கு)

1. பொலிவியாவின் இரண்டு தலைநகரங்கள் யாவை?
2. மார்ச் 23 அங்கே என்ன தினம்? ஏன்?
3. பள்ளிப் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு யார் பெயர் வைத்தார்கள்?
4. தண்ணீர் வழக்கு எவ்வளவு பணத்துக்கு முடிந்தது?
5. மல்லாட்டை என்ற பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது?

சரியான விடையை எழுதி வகுப்புத் தலைவியிடம் கொடுங்க. முதலில் கொடுக்கும் மூன்று பேருக்குப் பரிசு உண்டு. என்ன பரிசுன்னு கேட்கிறீங்களா? ஆளுக்கு ஒரு பொட்டலம் வறுத்த கடலை!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி